மேற்கே போய்க் கிழக்கே பறத்தல்

காவிரிப் படுகையிலுள்ள நன்னிலத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 2,890 கிலோமீட்டர்; திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து அதே சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். போக வேண்டிய ஊர் கிழக்கே இருக்க, நன்னிலத்திலிருந்து புறப்படுபவர் முதலில் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மேற்கு நோக்கி மூன்று மணி நேரம் காரில் போய், சேர வேண்டிய இடத்திலிருந்து மேலும் 90 கிலோமீட்டர் விலகி நின்றுதான் விமானம் ஏறுகிறார். சன்னாநல்லூர், குடவாசல், பேரளம், பூந்தோட்டம் என்று சுற்றுவட்டார ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதுவே நிலைமை. வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து வேலை பார்க்கும் தெருக்கள் காவிரிப் படுகையில் ஏராளம் என்பதால், இந்தப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் பிரித்துப் பார்ப்பது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்ற கேள்விக்குக் கிலோமீட்டரில் ஒரே விடைதான் உண்டு. எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கோ மாதத்தையும், காற்றையும், திசையையும், கடிகாரத்தையும் பொறுத்துப் பல விடைகள் உண்டு. அந்தப் பல விடைகளும் எங்கிருந்து வருகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

முதலில் தூரம். உருண்டையான பொருளின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு வரைய முடியாது. நேர்கோடு உருண்டையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். மேற்பரப்பை விட்டு விலகாமல் செல்லும் வழிகளில் எது மிகக் குறுகியதோ அதுவே பெருவட்டப் பாதை எனப்படுகிறது. பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர்; பூமத்தியரேகை ஒரு பெருவட்டம், தீர்க்கரேகைகள் யாவும் அரைப் பெருவட்டங்கள், ஆனால் பூமத்தியரேகையைத் தவிர்த்த மற்ற அட்சரேகைகள் எதுவும் பெருவட்டம் அல்ல. இதைக் கண்ணால் காணப் பள்ளிக்கூடத்து உலக உருண்டை ஒன்றும் ஒரு முழம் நூலும் போதும். நூலின் ஒரு முனையைத் திருச்சியின் மேலும் மறுமுனையைச் சிங்கப்பூரின் மேலும் விரலால் அழுத்திக்கொண்டு, நடுவில் தொய்வு இல்லாமல் இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே நகர்ந்து குறுகிய வழியில் படிந்துவிடும். வரப்புக்குக் கயிறு கட்டும்போது இழுத்த கயிறு நேர் காட்டுவதைப் போலவே, உருண்டையின் மேல் இழுத்த நூல் பெருவட்டத்தைக் காட்டுகிறது.

நூலின் நீளத்தைக் கணக்கால் அறியும் முறையும் கடினமானதன்று. திருச்சி விமான நிலையம் வட அட்சம் 10.77 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 78.71 பாகையிலும் இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வட அட்சம் 1.36 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 103.99 பாகையிலும் இருக்கிறது. இரண்டு அட்சங்களின் சைன் மதிப்புகளைப் பெருக்கி ஒரு புறம் வைத்துக்கொண்டு, அதே அட்சங்களின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்க வேறுபாட்டின் கோசைன் மதிப்பையும் பெருக்கி அதனோடு கூட்டினால், பூமியின் மையத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு ஊர்களும் எவ்வளவு விலகித் தெரியுமோ அந்தக் கோணத்தின் கோசைன் கிடைக்கிறது. இந்த இரண்டு ஊர்களுக்கும் அந்தக் கோணம் 26.8 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர் நீளம் என்பதால், இரண்டையும் பெருக்க 2,980 கிலோமீட்டர் வருகிறது. விமானிகளும் மாலுமிகளும் இன்றுவரை கடல் மைலைக் கைவிடாததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது: ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் கலை ஒன்றுக்கு ஒரு கடல் மைல் என்ற கணக்கில் அந்த அளவு பிறந்தது, இன்று அதன் மதிப்பு சரியாக 1,852 மீட்டர். 26.8 பாகையை 60 ஆல் பெருக்கினால் 1,608 என்று வருவதே கடல் மைலில் விடை. வேறு எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கணக்குக்கு அடிப்படையான அட்ச தீர்க்க எண்களும், ஒரு பாகைக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அளவும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அவற்றைத் தேடிய உழைப்பின் ஒரு முக்கியமான பகுதி தமிழ்நாட்டு மண்ணில், அதிலும் காவிரிப் படுகையில், நடந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி சென்னைப் பரங்கிமலைக்கு அருகே 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் மிகுந்த கவனத்தோடு அளந்தார். முக்கோணம் ஒன்றின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் தரையில் கால் வைக்காமலே கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தை அடுத்த முக்கோணத்தின் அடியாகக் கொள்ளலாம். இப்படி முக்கோணத்தோடு முக்கோணமாகக் கோத்துக்கொண்டே போய் நாடு முழுவதையும் அளந்துவிட முடியும் என்பதே அந்த நில அளவையின் உத்தி. அதன்படி சங்கிலியின் வேலை தொடக்கத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மீதி முழுவதும் கோணம் பார்க்கும் வேலை.

கோணம் பார்ப்பதற்குத் தியோடலைட் என்ற கருவி வேண்டும். இது தொலைநோக்கியைப் பாகை குறித்த வட்டத்தகட்டின் மேல் பொருத்திய கருவி. லாம்டனிடம் இருந்தது லண்டனில் வில்லியம் கேரி செய்தது, எடை அரை டன். இதைக் குன்றுகளின் மேல் ஏற்றி அடுத்த குன்றைப் பார்ப்பதே வழக்கம். காவிரிப் படுகையிலோ குன்று என்று சொல்ல ஒன்றும் இல்லை; கண்ணுக்கு எட்டியவரை தட்டையான வயலும், பார்வையை மறைக்கும் தென்னையும் பனையும் மூங்கிலும்தான். ஆகவே லாம்டன் கோயில்களின் உயரத்தைத் தம் குன்றுகளாக்கிக்கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அந்தக் கருவியை ஏற்றிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து, கருவி கற்சுவரில் மோதி, நுட்பமான வட்டத்தகடு நெளிந்துபோனது. புதுக்கருவி லண்டனிலிருந்து வரவேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லாம்டன் கருவியை முழுவதும் பிரித்துப்போட்டு, நெளிந்த தகட்டைச் சிறிது சிறிதாக இழுத்துத் தட்டி, ஆறு வாரங்களில் மறுபடியும் வட்டமாக்கினார். அந்தச் சீர்செய்த கருவியே பின்னரும் பல ஆண்டுகள் அளவைப் பணிக்கு உழைத்தது. தமிழில் கருவறையின் மேல் எழும் கட்டுமானத்துக்கும் விமானம் என்றுதான் பெயர், வானூர்திக்கும் விமானம் என்றுதான் பெயர். தஞ்சையின் கல் விமானம் நிற்கும் ஊரில் கோணம் பார்த்தவர்களின் கணக்குக்கும், இன்று திருச்சியிலிருந்து எழும் விமானத்தின் வழிக்கணக்குக்கும் உள்ள உறவு பெயரளவில் முடிவதன்று.

லாம்டன் தொடங்கி, அவருக்குப் பின் எவரெஸ்ட் என்ற அதிகாரி தொடர்ந்த அந்த அளவையில், பூமி முழு உருண்டை அன்று, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பது இந்தியத் தரையிலும் உறுதிப்பட்டது. இன்று செயற்கைக்கோள்களின் துணையால் கொள்ளப்படும் மதிப்பின்படி பூமத்தியரேகையில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். அதனால் வடக்குத் தெற்காக ஒரு பாகை என்பது நன்னிலத்துப் பக்கம் 110.6 கிலோமீட்டராகவும் துருவத்தருகே 111.7 கிலோமீட்டராகவும் இருக்கிறது. திருச்சி சிங்கப்பூர் வழியில் இந்தத் தட்டைத்தன்மையால் வரும் வேறுபாடு ஓரிரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். எரிபொருள் கணக்கிடுபவருக்கு அது பொருட்டில்லை, ஓடுபாதையைத் தேடி இறங்கும் கருவிக்கு அது பெரும் பொருட்டு.

சுவரில் மாட்டும் உலகப்படம் இந்தத் தூரங்களைப் பற்றித் தவறான எண்ணத்தை ஊட்டிவிடுகிறது. பூமத்தியரேகைக்கு அருகிலுள்ள ஊர்களுக்கு இடையே படத்தில் கோல் வைத்து வரையும் கோடும் பெருவட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே படிவதால், திருச்சி சிங்கப்பூர் வழியில் ஏமாற்றம் தெரிவதில்லை. வடக்கே வெகுதூரம் விலகிய ஊர்களுக்கு இடையில்தான் அது வெளிப்படும். பெங்களூரையும் சான்பிரான்சிஸ்கோவையும் படத்தில் நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் வழியே பசிபிக்கைக் கடந்து போனால் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பெருவட்டத்தின் வழியே போனால் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர்தான். அந்தப் பெருவட்டம் வடக்கு நோக்கி ஏறி 71 பாகை அட்சம் வரை, அதாவது ஆர்க்டிக் வட்டத்தையும் கடந்து, போய்த் திரும்புகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் மட்டுமே கொண்ட குழு ஒன்று சோயா அகர்வாலின் தலைமையில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகவே நிற்காமல் பறந்துவந்தது. கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் பெற்றோருக்கு, அமெரிக்காவுக்கு வழி கிழக்கா மேற்கா என்ற கேள்விக்கு வடக்கு என்பதே நெருங்கிய விடை என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். உருண்டையும் நூலும் கையில் இருந்தால் அந்த வியப்பு அரை நிமிடத்தில் அறிவாகிவிடும். பூமியின் மேல் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க முடியாது என்பதும் இதே உருண்டை தரும் செய்திதான். நன்னிலத்துக்கு நேர் எதிர்ப்புறமுள்ள புள்ளி, பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலின் நடுவில், தெற்கு அட்சம் 10.88 பாகையில் விழுகிறது. அங்கே இறங்க நிலம் இல்லை.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கான பெருவட்டம் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 19 பாகை தெற்கே சாய்ந்து தொடங்குகிறது. அந்தக் கோட்டை ஊர் ஊராகப் பின்தொடர்ந்தால், அது மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே போய், திருத்துறைப்பூண்டிக்குச் சற்றுத் தெற்கே நகர்ந்து, வேதாரண்யத்தின் அருகில் கரையை விட்டுக் கடலுக்குள் இறங்குகிறது. பிறகு இலங்கையின் வடமுனையைத் தொடாமல் வங்காள விரிகுடாவைக் குறுக்கே வெட்டி, பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே கடந்து, சுமத்திராவின் அச்சே பகுதியில் கரையேறி, மேதான் நகருக்கு அருகில் சென்று மலாக்கா நீரிணையைத் தாண்டி சாங்கியில் முடிகிறது. விமானம் இந்தக் கோட்டின் மேலேயே பறக்கும் என்று கொள்ளக் கூடாது. வானத்திலும் பெயரிட்ட சந்திகளும் அவற்றை இணைக்கும் வழித்தடங்களும் உண்டு. ஒரு கட்டுப்பாட்டு மையம் தன் எல்லை முடிந்ததும் அடுத்த மையத்திடம் விமானத்தை ஒப்படைக்கிறது. இடிமேகம் குறுக்கிட்டால் விமானி அனுமதி கேட்டு விலகிப் போகிறார். இவை எல்லாம் சேர்ந்து பறக்கும் தூரத்தைப் பெருவட்டத் தூரத்தை விடச் சில விழுக்காடு கூட்டிவிடுகின்றன. எதிரெதிரே வரும் விமானங்கள் ஒரே உயரத்தில் சந்திக்காதிருக்க, கிழக்கே போகிறவை 35,000, 37,000, 39,000 அடி என ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்கே வருகிறவை 34,000, 36,000, 38,000 என இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறக்கும் ஒழுங்கும் இருக்கிறது.

இனி நேரம். இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 0.78 பங்கு வேகத்தில் செல்பவை. இந்தப் பங்குக்கு மாக் எண் என்று பெயர். ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதாலும், பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் உறைநிலைக்கு நாற்பது ஐம்பது பாகை கீழே இருப்பதாலும், அந்த 0.78 என்பது மணிக்கு ஏறத்தாழ 840 கிலோமீட்டராக ஆகிறது. 2,980-ஐ 840 ஆல் வகுத்தால் 3 மணி 33 நிமிடம் வருகிறது. பயணச்சீட்டிலோ 4 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம், விமானம் புறப்பட்ட கணத்திலேயே அந்த வேகத்தை எட்டிவிடுவதில்லை என்பதும், சீட்டில் குறிக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அன்று என்பதுமாகும். நிற்கும் விமானம் உருண்டுவிடாதபடி சக்கரத்தடியில் வைத்திருக்கும் முட்டுக்கட்டையை எடுக்கும் கணத்தில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் முட்டுக்கட்டை வைக்கும் கணம் வரை உள்ளதே விமானத் துறையின் பயண நேரம். சரிவில் நிற்கும் மாட்டுவண்டிக்குக் கல்லையோ கட்டையையோ அண்டக்கொடுப்பது போன்ற அதே ஏற்பாடுதான் இங்கேயும். இடையில் ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்வது, இருபது இருபத்தைந்து நிமிடம் மேலேறுவது, அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கீழிறங்குவது, சாங்கியின் நெரிசலில் இறங்க முறை வரும்வரை வளையமிடுவது எல்லாம் அடங்கும். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக, ஏறத்தாழ 2,480 மீட்டர் நீளத்தில் கிடக்கிறது. விமானம் இயன்றவரை காற்றை எதிர்த்தே எழும்ப வேண்டும் என்பதால், ஆனி ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் அது மேற்கு முகமாக ஓடி எழுந்து, பிறகு வளைந்து கிழக்கே திரும்புகிறது. நன்னிலத்திலிருந்து மேற்கே வந்த பயணி, விமானத்துக்குள் அமர்ந்த பிறகும் இன்னும் சில கிலோமீட்டர் மேற்கேதான் போகிறார்.

காற்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தக் கடலைக் கடக்கும் நேரத்தை ஆயிரம் ஆண்டுகளாகத் தீர்மானித்தது காற்றுதான். 1025-ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை கடாரம் வரை சென்றதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. அதற்கு இருபது ஆண்டு முன்பே, கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்திருந்தான். நாகையிலிருந்து அந்தக் கரைக்குத் தூரம் 2,300 கிலோமீட்டர் அளவில் இருந்தாலும், பாய்மரக் கப்பலுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே அன்று. தென்மேற்குப் பருவக்காற்று இருக்கும்போது கிழக்கே போகலாம், வாடை எழுந்த பிறகு மேற்கே திரும்பலாம், காற்று மாறும்வரை அக்கரையிலேயே காத்திருக்க வேண்டும். போய்வரும் நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்புதான். நீராவியும் டீசலும் வந்து காற்றின் பிடியைத் தளர்த்தின. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1973 வரை ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வர இயலாத ஆழம் என்பதால் பயணிகள் படகில் போய் நடுக்கடலில் ஏறினார்கள். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். அதன் இடத்தில் வந்த சிதம்பரம் கப்பலின் பயணிச் சேவை 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு முடிந்தது. நாகை, திருவாரூர், நன்னிலம் பகுதியினருக்குக் கிழக்கு வாசலாக இருந்த கடல் அதோடு மூடியது. ஒரு வாரமாக இருந்தது நான்கு மணி நேரமாகச் சுருங்கியபோது, புறப்படும் வாசல் கிழக்கிலிருந்து மேற்குக்கு இடம் மாறியது. படுகையின் கடற்கரை மாவட்டங்களுக்கு இது ஒரு பெரிய இழப்பு என்பதையும், வேகம் என்ற ஒற்றை அளவுகோலில் அது தெரிவதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும்.

விமானம் வந்த பிறகு காற்று பொருட்டில்லாமல் போய்விட்டது என்று நினைப்பது தவறு. கீழே கடல்மட்டத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கு நோக்கி வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான அதே மாதங்களில், தென்னிந்தியாவின் மேலே வளிமண்டலத்தின் உயர்ந்த அடுக்குகளில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று எனப்படும் இதை 1950-களில் கண்டறிந்து விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம், பின்னாளில் அவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராகவும் இருந்தார். கோடையில் திபெத் பீடபூமியும் அதைச் சுற்றிய நிலமும் சூடேறி, அதன் மேலுள்ள காற்று தெற்கே கடலின் மேலுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாகிவிடுவதே இந்தத் தாரை உருவாகக் காரணம். தாரையின் நடுப்பகுதி விமானங்களுக்கு மேலே 14 கிலோமீட்டரையும் கடந்து இருந்தாலும், அதன் கீழ் ஓரம் விமானங்கள் பறக்கும் உயரத்தைத் தொடுகிறது. ஆகவே சோழர் கப்பலைக் கடாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போன அதே பருவத்தில், சிங்கப்பூர் விமானம் எதிர்க்காற்றில் போகிறது. கப்பல் திரும்ப முடியாமல் காத்திருந்த மாதத்தில் விமானம் காற்றோடு சேர்ந்து விரைவாக ஊர் திரும்புகிறது. ஒரே இடம், ஒரே மாதம், பன்னிரண்டு கிலோமீட்டர் உயர வேறுபாட்டில் இரண்டு எதிரெதிர்க் காற்றுகள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசுவதாகக் கொண்டால், தரையைப் பொறுத்து விமானத்தின் வேகம் 780 ஆகக் குறைந்து, வானில் 3 மணி 49 நிமிடம் பிடிக்கும். திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளினால் வேகம் 900 ஆகி 3 மணி 19 நிமிடத்தில் முடிந்துவிடும். போகும்போது இழந்ததை வரும்போது முழுவதும் மீட்டுவிடலாம் என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் காற்றில்லாத நாளைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகவே ஆகிறது. மெதுவாகச் செல்லும் பயணம் நீண்ட நேரம் நடப்பதால் எதிர்க்காற்றுக்கு அதிக நேரம் ஆட்பட்டிருக்கிறது. விரைந்து செல்லும் பயணம் சீக்கிரம் முடிந்துவிடுவதால் சாதகக் காற்றைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறது. காற்று எத்திசையில் வீசினாலும், போய்வரும் மொத்த நேரத்தை அது கூட்டுமே தவிர ஒருபோதும் குறைக்காது.

இந்த இடத்தில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. நன்னிலத்தின் தரை மணிக்கு 1,640 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. அப்படியானால் மேற்கே பறக்கும் விமானத்தை நோக்கி ஊரே வந்து சேர வேண்டாமா, கிழக்கே பறக்கும் விமானத்திலிருந்து சிங்கப்பூர் விலகி ஓட வேண்டாமா? மயிலாடுதுறையிலிருந்து திருவாரூருக்கு ஓடும் ரயிலின் பெட்டிக்குள் உட்கார்ந்து ஓர் எலுமிச்சம்பழத்தை மேலே எறிந்து பார்த்தால் விடை கிடைக்கும். ரயில் எவ்வளவு விரைந்தாலும் பழம் எறிந்தவர் கையிலேயே விழும், பின்னால் இருப்பவர் மடியில் விழாது. ஏனெனில் பழமும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ரயிலின் வேகத்தை ஏற்கனவே பெற்றிருக்கின்றன. பூமியின் காற்றுப் போர்வையும் அப்படியே தரையோடு சேர்ந்து சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் நீந்துகிறது. ஆகவே போகவும் வரவும் ஆகும் நேரத்தில் தெரியும் வேறுபாடு பூமியின் சுழற்சி நேரடியாகத் தருவதன்று, காற்றோட்டம் தருவது.

இன்னும் ஒரு வேறுபாடு கடிகாரம் தருவது. திருச்சியில் இரவு 11 மணிக்குப் புறப்பட்டு 4 மணி 10 நிமிடம் பயணம் செய்பவர் சாங்கியில் இறங்கும்போது அங்கே விடியற்காலை 5.40, திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 8.30-க்குப் புறப்பட்டு 4 மணி 15 நிமிடம் பறந்தாலும் திருச்சியில் இரவு 10.15-க்கே இறங்கிவிடுகிறார். சீட்டிலுள்ள நேரங்களை மட்டும் பார்த்தால் போக 6 மணி 40 நிமிடம், வர 1 மணி 45 நிமிடம் என்று தெரியும். சிங்கப்பூர் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுவதுதான் காரணம். இந்த இரண்டரை மணி நேரம் சூரியன் தந்ததா என்று சோதித்தால், இல்லை என்றே தெரிகிறது. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகும். நன்னிலத்துக்கும் சாங்கிக்கும் தீர்க்க வேறுபாடு 24.4 பாகை, ஆகவே சூரியன் சிங்கப்பூர் உச்சியைக் கடந்து 1 மணி 37 நிமிடத்துக்குப் பிறகு நன்னிலத்து உச்சிக்கு வந்துவிடுகிறது. மீதமுள்ள 53 நிமிடம் அரசுகள் தீர்மானித்தது.

1802-இல், லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்த அதே ஆண்டில், சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம் சென்னையின் தீர்க்கத்தைக் கணித்து, அதன் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே என்று நிறுவினார். பிற்காலத்தில் ரயில்கள் ஓடியது அந்த மெட்ராஸ் நேரத்தில்தான். 1906 ஜனவரி 1 முதல் மிர்சாபூருக்கு அருகே செல்லும் 82.5 பாகைத் தீர்க்கத்தை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் வந்தது. நன்னிலம் அந்தத் தீர்க்கத்துக்குச் சற்று மேற்கே இருப்பதால், ஊரின் இயல்பான நேரம் கடிகாரத்துக்கு ஏறத்தாழ 12 நிமிடம் பின்தங்கி இருக்கிறது. சிங்கப்பூரில் இந்த விலகல் மிகப் பெரிது: 1981 முடியும்வரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னே இருந்த அந்நாடு, மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தை வைத்துக்கொள்ள முடிவு செய்தபோது தானும் அதைப் பின்பற்றி, 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரத்துக்கு மாறியது. அதனால் அங்கே உச்சிவெயில் பகல் ஒரு மணியைத் தாண்டித்தான் வருகிறது, விடியலும் ஏழு மணியை ஒட்டியே நிகழ்கிறது. அதிகாலை 5.40-க்கு இறங்கும் டெல்டாப் பயணி வெளியே வந்து பார்த்தால் கும்மிருட்டாக இருப்பதும், கையிலுள்ள தொலைபேசி மட்டும் விடிந்துவிட்டது போல நேரம் காட்டுவதும் இதனால்தான். 1981-இல் இதே நேரத்துக்கு இதே விமானம் புறப்பட்டு இதே வேகத்தில் பறந்திருந்தால், அவர் 5.10-க்கே இறங்கியிருப்பார்.

இத்தனையையும் கூட்டினால், வீட்டு வாசலிலிருந்து வாசல் வரையிலான கணக்கு வேறாகிறது. நன்னிலத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குச் சாலைவழி மூன்று மணி நேரம். பன்னாட்டுப் பயணத்துக்குச் சீட்டிலேயே சொல்லியிருக்கும் மூன்று மணி நேர முன்வருகை. முட்டுக்கட்டை எடுத்து முட்டுக்கட்டை வைக்கும்வரை நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாங்கியில் கடவுச்சீட்டுச் சோதனையும் பெட்டி எடுப்பதும் தங்குமிடம் சேர்வதுமாக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மொத்தம் பதினொரு மணி நேரத்துக்கு மேல். அதில் வானில் கழிவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியதுதான். 840 கிலோமீட்டர் வேக விமானத்தில் போகும் இந்தப் பயணத்தின் உண்மையான சராசரி வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் என்ற அளவில் நிற்கிறது. விமானத்தை இரு மடங்கு வேகமாக்கினால் மிச்சமாவது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. படுகையின் கீழ்க்கோடி ஊர்களுக்கு அருகில் ஒரு விமான நிலையமோ, தஞ்சாவூர் வரையிலாவது தடையில்லாத நல்ல சாலையோ இருந்தால் அதில் பெரும்பகுதியைத் தரையிலேயே மிச்சப்படுத்திவிடலாம்.

கிழக்கு முகமாக எழும்பும் இரவுகளில், புறப்பட்ட பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் விமானம் மன்னார்குடியை ஒட்டிய பகுதியைக் கடந்துவிடுகிறது. அப்போது நன்னிலம் அதன் வழியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 44 கிலோமீட்டரில் இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் இடப்பக்கச் சன்னலில் திருவாரூரின் விளக்குகளும், அதற்கு அப்பால் வயல் இருட்டுக்கு நடுவே சிறு புள்ளிகளாக நன்னிலத்துப் பக்கத்து விளக்குகளும் தெரியும். காரிலும் காத்திருப்பிலுமாக ஆறு மணி நேரத்துக்கு முன் புறப்பட்டவர் தம் ஊருக்கு நேரே மறுபடியும் வந்து நிற்பது அந்த நிமிடத்தில்தான்; இன்னும் ஏறத்தாழ 2,890 கிலோமீட்டர் மீதி இருக்கிறது.